லோடர் அண்ணா

ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க, நீங்க ஆடறது டேங்க் கேமுங்களா? பஸ்ஸு காங்கேயம் தாண்டுனதுல இருந்து எட்டி எட்டிப் பாத்துட்டு வர்றேன். அட, போனை உள்ள வெக்காதீங்க, ஆடுங்க, சும்மாதான் கேட்டேன். வெரல்ல தேச்சா ஓடுது, தட்டுனா சுடுது, செத்துப்போனா மறுபடியும் வந்து நிக்குது. நல்லாத்தான் இருக்குது. ஆனா அது டேங்க் இல்லீங்க. ஒரே ஆளு ஓட்டி, ஒரே ஆளு சுட்டு, ஒரே ஆளு பாத்துக்கறதுக்குப் பேரு டேங்க்குங்களா? அது ஸ்கூட்டருங்க.

டேங்க்குன்னா நாலு பேரு வேணும். ஓட்டறதுக்கு டிரைவர். சுடறதுக்கு கன்னர். குண்டைத் தூக்கிப் பீரங்கியில ஏத்தறதுக்கு லோடர். இவீங்க மூணு பேரையும் கட்டி மேய்க்கறதுக்கு மேல கமாண்டர். நாங்க ஆடற ஆட்டம் அப்படித்தானுங்க. கம்ப்யூட்டர்ல. நாலு ஊர்ல நாலு பேரு காதுல மாட்டிட்டு உக்காந்திருப்பாங்க, ஆனா எல்லாரும் ஒரே டேங்க்குக்குள்ள இருப்பாங்க. டிரைவருக்குச் சின்னச் சந்து வழியாத்தான் வெளிய தெரியும். கன்னருக்குப் பீரங்கி காட்டற எடம் மட்டுந்தான் தெரியும். கமாண்டர்தான் தலையை வெளிய நீட்டி, எல்லாத்தையும் பாத்துச் சொல்லோணும். விளையாட்டுன்னு சொன்னா எனக்குக் கோவம் வரும்.

என்ற பேரு சென்னியப்பன். திருப்பூர்ல லேபிள் யூனிட் வெச்சிருக்கேன். பனியன் கழுத்துக்குப் பின்னால சைஸ் போட்டு ஒரு துண்டு தைச்சிருப்பாங்கல்ல, அதை அடிக்கற யூனிட்டு. இப்பத் திருச்சிக்குப் போறதுகூட டேங்க் சோலியாத்தானுங்க. எங்க குரூப்புக்கு இரும்புச்சேனைன்னு பேரு, பேரு வெச்சதே நான்தான். இத்தனை நாளா கொரல்ல மட்டும் பழகுனவங்க இன்னிக்கு மொதமொதலா நேர்ல பாத்துக்கறோம். ஓட்டல்ல ஹால் புடிச்சிருக்குது, மத்தியானம் சாப்பாடு. அதா பாருங்க, பஸ் டிரைவருக்குப் பின்னால, பச்சைச் சேலை, தலையில கனகாம்பரம். அது என்ற சம்சாரம். கோகிலவாணி. நான் வாணின்னு கூப்புடுவேன். சேந்தாப்பல சீட்டு கெடைக்கல, அதுதான் அவ அங்கயும் நான் இங்கயும். அவளும் ஹாலுக்குத்தான் வர்றா. அவளும் டேங்க்குல ஆளுதான். வெசனமே அதுதானுங்க.

பொறாமையா? எனக்கா? சேச்சே. நீங்க மொதல்ல கேளுங்க.

எங்க குரூப்புல புது ஆளுகளுக்குப் பயிற்சி குடுக்கறதை ஆரம்பிச்சவன் நான். அதுக்கு முன்னாடி யாராச்சும் புதுசா வந்தா, நேராச் சண்டைக்குள்ள தள்ளி விட்டுருவாங்க, அவன் எந்தப் பட்டன் எதுக்குன்னு தெரியாம முழிச்சுட்டு அப்படியே ஓடிப் போயிருவான். நான்தான் சொன்னேன், ஞாயித்துக்கிழமை வெடியால எந்திரிச்சதும் வகுப்பு வெக்கலாம்னு. மொத வாரம் மைதானத்துல கம்பம் நட்டு, அதுக்கு நடுவுல ஓட்டிப் பழகறது. அடுத்த வாரம் பழைய லாரிகளை நிறுத்தி வெச்சு சுட்டுப் பழகறது. மூணாவது வாரம் நாலு பேரும் சேந்து ஒரு கிராமத்தைச் சுத்தி வர்றது. எல்லாத்துக்கும் திட்டம் நான் போட்டது. லேசுப்பட்ட வேலைன்னு நெனச்சுக்காதீங்க. நாலு பேரை ஒரு நேரத்துல உக்கார வெக்கறதுக்குள்ள தாவு தீந்து போயிரும். ஒருத்தனுக்குக் கரண்ட் போயிரும், ஒருத்தன் கொழந்தை வயரைப் புடுங்கிரும், ஒருத்தன் கெடா வெட்டுக்குப் போயிட்டேன்பான். ஒவ்வொருத்தனுக்கா போன் பண்ணி எழுப்புனது நானுங்க. யாரு கேட்டா? யாரும் கேக்கல. நானாத்தான் செஞ்சேன்.

என்ற வகுப்புல ஒரே சட்டம். டேங்க்குக்குள்ள ஒரே கொரல்தான் கேக்கோணும். கமாண்டர் கொரல். மத்தவங்க 'சரி'ன்னு மட்டும் சொல்லோணும். நான் எந்தப் பக்கம் பாக்கறனோ அதுதான் முன்பக்கம். நாலு பேரும் பேசுனா அது டேங்க் இல்லீங்க, டவுன் பஸ்ஸு. ஆரம்பத்துல நெம்பப் பேரு வந்தாங்க. போகப் போகக் கொஞ்சம் கொறஞ்சுது. ஞாயித்துக்கிழமை பாருங்க, கறி எடுக்கப் போயிருவாங்க. அதுதான் காரணம், வேற ஒண்ணுமில்ல.

வாணிக்கு எப்படி இந்த ஆசை வந்துச்சுன்னா, எங்க பொண்ணு மெட்ராஸ்ல காலேஜ் சேந்து ஹாஸ்டலுக்குப் போயிட்டா. வீடு வெறிச்சுன்னு போச்சு. இவ என்ற நாக்காலிக்குப் பின்னால வந்து நின்னுட்டுப் பாப்பா. ஒரு நாளு, "நானும் வரட்டுங்களா மாமா?" ன்னா. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. சரி, ஆசைப்படறாளேன்னு பொண்ணோட பழைய கம்ப்யூட்டர்ல ஏத்திக் குடுத்து, லோடர் சீட்டுல உக்கார வெச்சேன். ஒரே பட்டன். நான் 'ஏத்து'ன்னா அமுக்கோணும், அவ்வளவுதான். மத்தவங்க திரையில பச்சை லைட்டு எரியும். அவளுக்கு அதுவே போதும்னு நெனச்சேன். கொஞ்ச நாள் போச்சு, "நான் ஒருக்கா ஓட்டிப் பாக்கட்டுங்களா?" ன்னா. ஸ்கூட்டியையே ஒழுங்கா நிறுத்தத் தெரியாது, நீ டேங்க் ஓட்டறியான்னு கேட்டேன். எல்லாரும் கேட்டுட்டுத்தான் இருந்தாங்க, ஒருத்தரும் சிரிக்கல. தமாஸ் புரியாத கூட்டமுங்க அது.

அப்பறம் ஒரு நாளு டிரைவர் வரல. வேற வழியில்லாம அவளை ஓட்டச் சொன்னேன். டேங்க்குல பாருங்க, பீரங்கி இருக்கற மேல்பாகம் தனியாச் சுத்தும். வண்டி ஒரு பக்கம் போகும், மேல்பாகம் வேற பக்கம் பாக்கும். அன்னிக்கு நான் பின்னால எவனாச்சும் தொரத்தறானான்னு மேல்பாகத்தை நேர் பின்பக்கம் திருப்பி வெச்சிருந்தேன். வண்டி பாலத்து மேல போயிட்டிருக்குது. ஓரமா ஒதுங்கற மாதிரி தெரிஞ்சுது. 'லெஃப்ட்டு, லெஃப்ட்டு'ன்னேன். அவ லெஃப்ட்டுல திருப்புனா. டேங்க் நேரா ஆத்துக்குள்ள போயிருச்சு. தண்ணி ஏறி, இன்ஜின் நின்னு, எல்லாரும் காலி.

"நீங்க லெஃப்ட்டுன்னுதானுங் மாமா சொன்னீங்க."

"நான் பாக்கற பக்கத்துக்கு லெஃப்ட்டு!"

"நீங்க எந்தப் பக்கம் பாக்கறீங்கன்னு எனக்கு எப்படிங்க தெரியும்?"

தெரிஞ்சுக்கோணும்னேன். இன்னும் ரெண்டு வார்த்தை கூடச் சொன்னேன், கோவத்துல. பயிற்சின்னா அப்படித்தானுங்களே, பட்டாளத்துல கொஞ்சிட்டு இருப்பாங்களா? அவ காதுல மாட்டியிருந்ததைக் கழட்டி வெச்சுட்டு மாவாட்டப் போயிட்டா. அதோட அது முடிஞ்சுதுங்க. முடிஞ்சிருக்கோணும். ஆனா அங்க ஒருத்தன் இருந்தானே.

ஜெபக்குமார். பாளையங்கோட்டைக்காரன், என்னமோ சொசைட்டியில கிளார்க்கு. என்ற வகுப்புல படிச்சவன், நல்லா ஞாபகம் வெச்சுக்குங்க, என்ற வகுப்புல. அன்னிக்குக் கன்னர் சீட்டுல இருந்தவன் வாயத் தொறந்தான். "சார், டிரைவருக்கு வண்டியோட மூஞ்சிதான முன்பக்கம். நீங்க தலையத் திருப்புனா நீங்கதான் மாத்திச் சொல்லணும். அந்த அக்கா என்ன செய்வாங்க, பாவம்?" அக்காவாம். பாவமாம். என்ற பொண்டாட்டி பாவம்னு எனக்கு அவன் சொல்றான்.

அடுத்த வாரமே குரூப்புல ஒரு மெசேஜ் போட்டான், ஞாயித்துக்கிழமை வர முடியாதவங்களுக்கு மட்டும் புதன்கிழமை பொழுதோட, வெளக்கு வெக்கற நேரத்துல, ஒரு வகுப்புன்னு. 'மட்டும்'னு போட்டிருந்தான், நானும் நம்பிட்டேன். கொஞ்ச நாள்ல பாத்தா என்ற ஆளுக ஒவ்வொருத்தரா அங்க போறாங்க. ஞாயித்துக்கிழமை நானும் இன்னொருத்தனும் மட்டும் உக்காந்துட்டு இருக்கோம், அவனும் பாதியில போயிட்டான். குரூப்புல எப்பப் பாத்தாலும் புதன்கிழமைப் பேச்சுத்தான். ஜெபக்குமார் அண்ணன் இப்படிச் சொன்னாரு, ஜெபக்குமார் அண்ணன் அப்படிச் சிரிக்க வெச்சாருன்னு தலையில தூக்கி வெச்சு ஆடுறாங்க. எனக்கு வயிறு எரிஞ்சுதுங்க. மறைச்சு என்ன பண்றது, எரிஞ்சுது. விதை போட்டது நான், பந்தல் கட்டுனது நான், காய் பறிக்கறவன் அவனா?

என்னதான் பண்றான்னு பாத்துரலாம்னு முடிவு பண்ணுனேன். புதுசா ஒரு பேர்ல உள்ள போனேன். ராசுன்னு பேரு வெச்சுக்கிட்டேன். புதன்கிழமை பொழுதோட வேலையாளுகளை வீட்டுக்குத் தாட்டி விட்டுட்டு, யூனிட்டு ஆபீஸ்ல கதவைச் சாத்திட்டு உக்காந்தேன். பேசுனா கொரலைக் கண்டுபுடிச்சுருவாங்க, அதனால 'மைக் ரிப்பேர்'னு டைப் பண்ணிட்டேன். ஜெபக்குமார் எரிஞ்சு விழுவான்னு பாத்தேன். "அதனால என்ன, லோடரா உக்காருங்க அண்ணாச்சி. பச்சை லைட்டு எரியுதுல்லா, அதுவே பேச்சுதான்" ங்கறான். நடிப்புங்க. அத்தனையும் நடிப்பு.

ஒரு டேங்க்குல போட்டான். டிரைவர் ஒரு பல் டாக்டர். கன்னர் சேலத்துப் பொண்ணு ஒண்ணு. சரி, கமாண்டர் யாருன்னு பாத்துட்டு இருக்கேன், காதுல ஒரு கொரல் வருது. "எல்லாரும் வந்தாச்சுங்களா? லோடரண்ணா புதுசுங்களா? வாங்கண்ணா, பயப்படாதீங்க."

நாக்காலியில இருந்து விழாத கொறைதான். வாணிங்க! என்ற வாணி! டேங்க்கை ஆத்துல உட்டதுக்கு அடுத்த வாரத்துல இருந்து, புதன்கிழமை பொழுதோட ஆரி வேலை வகுப்பு, கம்ப்யூட்டர்லயே சொல்லிக் குடுக்கறாங்கன்னு சொல்லிட்டு பொண்ணு ரூமுல கதவைச் சாத்திக்குவா. ஒண்ணு ரெண்டு தடவை நான் சீக்கிரம் வந்தப்ப உள்ள சிரிப்புச் சத்தம் கேட்டிருக்குது. ஊசியில பாசி கோக்கறதுல என்ன இத்தனை சிரிப்புன்னு நான் ஒரு நாளும் ரோசனை பண்ணுனதில்ல. இங்க வந்துதான் சிரிச்சிருக்கறா. என்ற காதுக்குள்ளயே சிரிக்கறா, அண்ணான்னு கூப்புடறா. கட்டுன புருசனை அண்ணான்னு கூப்புட்டாக் கேக்கறதுக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க?

உடனே வெளிய வந்திருக்கோணும். வரல. என்னதான் பண்றா பாப்பம்னு உக்காந்துட்டேன். அவ மெதுவாச் சொல்றா. "டாக்டருங்க, உங்களுக்கு லெஃப்ட்டுல ஒரு தோப்பு வரும், அங்க ஒதுங்கிக்கலாமுங்க." உங்களுக்கு லெஃப்ட்டு! ஒவ்வொருத்தருக்கும் அவங்கவங்க பக்கத்துல இருந்து பாத்துப் பாத்துச் சொல்றா. இதெல்லாம் நேரத்தை வீணடிக்கறதுங்க. சண்டையில எங்க அதுக்கெல்லாம் நேரம்? ஆனா அன்னிக்கு நேரம் இருந்துச்சு, அது வேற விசயம். ஒரு எடத்துலயும் முட்டல, ஒரு எடத்துலயும் மாட்டல. நான் பட்டனை அமுக்குனேன், பச்சை எரிஞ்சுது. "அருமைங்கண்ணா, சட்டுன்னு ஏத்தறீங்க" ன்னா. பட்டன் அமுக்குனதுக்கு! இத்தனை வருசத்துல நான் ஏசி வாங்கிப் போட்டிருக்கேன், வீடு கட்டியிருக்கேன், அருமைன்னு ஒரு வார்த்தை கேட்டதில்லீங்க.

சண்டை முடிஞ்சு நின்னுட்டு இருந்தப்ப அந்தச் சேலத்துப் பொண்ணு கேட்டா. "அக்கா, சென்னியப்பன் சார்தான உங்க வீட்டுக்காரரு? அவருதான பயிற்சி ஆரம்பிச்சவரு? அவருகிட்டயே கத்துக்கலாமே?"

வாணி சொன்னா, "அவரு டேங்க்குல எடம் இல்லம்மா. நாலு சீட்டுலயும் அவருதான் உக்காந்திருப்பாரு."

எல்லாரும் சிரிச்சாங்க. அவளும் சிரிச்சா. பாருங்க, எப்படித் திரிச்சுச் சொல்றா! நாலு சீட்டுலயும் நான் எங்கீங்க உக்காந்தேன்? அவளைத்தான லோடர் சீட்டுல உக்கார வெச்சேன்? ஜெபக்குமார்தான் இப்படியெல்லாம் பேசச் சொல்லிக் குடுத்திருப்பான். அன்னிக்கு வீட்டுக்குப் போயி, ஆரி வேலை எப்படிப் போகுதுன்னு கேட்டேன். "நல்லாப் போகுதுங்க" ன்னு தோசை ஊத்துனா. மொகத்துல ஒரு களை. நான் ஒண்ணும் காட்டிக்கல.

அடுத்த புதன்கிழமையும் போனேன். உளவு பாக்கறதுக்குத்தானுங்க, வேறென்ன? அதுக்கடுத்த வாரமும் போனேன். விட்டுட்டா என்ன பேசிக்கறாங்கன்னு எனக்குத் தெரியாதில்ல. போகப் போக, ராசு இல்லீன்னா வாணி டேங்க்கை எடுக்க மாட்டா. "எங்க லோடரண்ணா வரட்டும்" னு காத்திருப்பா. ஒரு நாளு யூனிட்ல மெசின் நின்னு போச்சு, நான் லேட்டு. உள்ள போறேன், "அண்ணா வந்துட்டாரு!" ன்னு மூணு பேரும் கத்தறாங்க. கல்யாண வீட்டுல மாப்பிள்ளை வந்த மாதிரி இருந்துச்சு. எனக்கு... சந்தோசமாத்தான் இருந்துச்சு. அதை விடுங்க.

இதையும் கேளுங்க. லோடருக்குத் தலைக்கு மேல ஒரு மூடி இருக்குது. சும்மா இருக்கறப்ப அதைத் தொறந்து எட்டிப் பாக்கலாம். ஒரு நாளு எல்லாரும் முன்னால ஒரு மேட்டைப் பாத்துட்டு இருக்காங்க, நான் எட்டிப் பாக்கறேன், பின்னால சோளக்காட்டுக்குள்ள எதிரி டேங்க் ஒண்ணு பீரங்கியைத் திருப்பிட்டு இருக்குது. கத்தோணும்னு நாக்கு துடிக்குது. கத்துனா மாட்டிக்குவேன். 'பின்னாடி சோளக்காடு'ன்னு டைப் அடிச்சேன். அவ்வளவுதான். வாணி ஒரு நொடிகூட ரோசனை பண்ணல, ஏன் எதுக்குன்னு கேக்கல, அப்படியே நம்பித் திருப்புனா. மொதக் குண்டுலயே அடிச்சுட்டாங்க. "அண்ணா, நீங்க மட்டும் சொல்லலீன்னா எல்லாரும் செத்தோம். நீங்க பேசறதே இல்ல, பேசுனா அத்தனையும் தங்கம்" னா. நான் அந்த ஆபீஸ்ல தனியா உக்காந்து ஈன்னு இளிச்சுட்டு இருந்தேன்.

வீட்டுக்கு வர்ற வழியிலதான் சுருக்குன்னுது. இந்த ராசு யாருங்க? எங்கிருந்தோ வந்தவன். மொகம் தெரியாது, ஊர் தெரியாது. அவன் ரெண்டு வார்த்தை டைப் அடிச்சா உடனே நம்பறா. நான் கேஸ் அடுப்பை நிறுத்தியாச்சுன்னு சொன்னாக்கூட எந்திரிச்சுப் போயி ஒருக்காப் பாத்துட்டு வருவா.

சிரிங்க, சிரிங்க. அது நீங்கதானேன்னு கேக்கறீங்க. நான்தான், இல்லீங்கல. ஆனா அவளுக்கு நான் இல்லீல்ல?

போன மாசம் ஒரு நாளு, சோறு போட்டுட்டே சொன்னா. "நான் புதன்கிழமை ஆரி வகுப்புக்குப் போகலீங் மாமா. ஜெபக்குமார் அண்ணன் வகுப்புக்குத்தான் போறேன். உங்ககிட்டச் சொல்லக் கொஞ்சம் பயமா இருந்துச்சு." நான் ஆச்சரியப்பட்ட மாதிரி மொகத்தை வெச்சுக்கிட்டேன். அப்பறம் மடை தொறந்தாப்பல பேசறா. டாக்டர் இப்படி, சேலத்துப் பொண்ணு அப்படி. "எங்க லோடர் ஒருத்தரு இருக்காருங் மாமா, ராசண்ணன்னு. பேசவே மாட்டாரு. அவரு உள்ள இருக்காருன்னு தெரிஞ்சாலே எனக்குத் தைரியமா இருக்கும்." நான் சோத்தைப் பெசஞ்சுட்டே கேட்டுட்டு இருந்தேன்.

பொங்கலுக்குப் போட்டி வருதுங்க. நாலு பேரு நிரந்தரமாச் சேந்து ஒரு டேங்க்குக்குப் பேரு குடுக்கோணும். இன்னிக்கு ஹால்ல பேரு எழுதறாங்க. என்ற பழைய ஆளுக எல்லாம் ஆளுக்கொரு டேங்க்குல சேந்துட்டாங்க. பயிற்சி ஆரம்பிச்ச எனக்கு, பேரு வெச்ச எனக்கு, ஒரு டேங்க்கு இல்ல. கௌரவத்தை எல்லாம் தள்ளி வெச்சுட்டு வாணிகிட்டயே கேட்டேன். கமாண்டர் வேண்டாம், எதாச்சும் ஒரு சீட்டு, என்னைச் சேத்துக்கறியான்னு. இப்படி நான் யாருகிட்டயும் கேட்டதில்லீங்க. அவளும் ஒரு நிமிசம் கையில இருந்த பாத்திரத்தை வெச்சுட்டு என்னைப் பாத்தா.

"ஓட்டறதுக்கும் சுடறதுக்கும் ஆளு இருக்குதுங் மாமா. லோடருக்கு ராசண்ணன் இருக்காரு."

"அவனை மாத்து."

"எதுக்குங்க மாத்தோணும்?"

"வாயில்லாத பய. அவனுக்கு என்ன தெரியும்?"

"அவருக்குக் கேக்கத் தெரியுமுங்க."

ரெண்டு நாளு அந்த ராசு மேல எனக்கு வந்த கோவத்தை உங்களுக்குச் சொல்ல முடியாது. என்ன பெரிய வேலை செஞ்சுட்டான்? ஒரு பட்டன். ஒத்தைப் பட்டன்! அந்தப் பட்டன் எங்க இருக்குதுன்னு மொதல்ல அவளுக்குச் சொல்லிக் குடுத்தவன் நான். நேத்து பாருங்க, வெடியால இருந்து ஒப்புட்டு சுட்டா, போளிதானுங்க. ராசண்ணனை நேர்ல பாக்கப் போறோம், வெறுங்கையோட எப்படிப் போறதுன்னு. எல்லாரும் கேட்டப்ப ராசுவும் வர்றான்னு நான்தான் டைப் அடிச்சுத் தொலைச்சிருந்தேன். நான் ஒண்ணு எடுக்கப் போனேன், கை மேல ஒரு அடி போட்டா. அது எண்ணி வெச்சிருக்குதாம். சூடா நெய் ஊத்தி அடுக்கி வெச்சு, டப்பாவை மடியிலயே வெச்சுட்டு வர்றா பாருங்க.

அதனால ஒரு முடிவுக்கு வந்துட்டேன். ராசு போகோணும். அவன் போனாத்தான் சீட்டு காலியாகும். சீட்டு காலியானா அவளுக்கு வேற யாரு இருக்கா? என்னைத்தான கூப்புடோணும்? இந்தா, அவன் போன்ல இருந்து, அதாவது என்ற இன்னொரு நம்பர்ல இருந்து எழுதி வெச்சிருக்கேன், படிச்சுப் பாருங்க. 'ஊர் மாத்தி வெளிநாடு போறேன். இனிமேட்டு ஆட முடியாது. இன்னிக்கும் வர முடியல. வேற ஆளைப் போட்டுக்குங்க. ராசு.' எப்படி? வேற ஆளைப் போட்டுக்குங்கன்னு போட்டேன் பாருங்க, அதுதான் முக்கியம். காங்கேயத்துல இருந்து கையில புடிச்சுட்டு வர்றேன், கரூர் வர்றதுக்குள்ள அனுப்பிரோணும். உங்களுக்குச் சரின்னு படுதுங்களா? சரி விடுங்க, நீங்க என்ன சொல்லுவீங்க.

அனுப்பிட்டேன்.

பாருங்க, போனை எடுக்கறா. கண்ணாடியைத் தேடறா. படிக்கறா. படிச்சுட்டா. மறுபடியும் படிக்கறா.

ஏனுங்க, முந்தானையில கண்ணைத் தொடைக்கறாளா, இல்ல காத்துக்குத் தூசு விழுந்துச்சா? இங்க இருந்து சரியாத் தெரியல. நீங்க கொஞ்சம் எந்திரிச்சுப் பாருங்க. தொடைக்கறாளா? எனக்கு அம்மை போட்டுப் படுத்திருந்தப்பகூட அவ கண்ணுல தண்ணி பாத்ததில்லீங்க, வேப்பெலை மட்டும் மாத்தி மாத்தி வெச்சா.

இருங்க இருங்க, பதில் வருது. படிக்கறேன், கேளுங்க. 'அண்ணா, நல்லபடியாப் போயிட்டு வாங்க. ஒடம்பைப் பாத்துக்குங்க. வேற ஆளைப் போட மாட்டேன். மூணு பேராவே ஓட்டிக்கறோம், குண்டை நானே எறங்கி ஏத்திக்கறேன். தோத்தாலும் பரவால்ல. உங்க சீட்டு உங்களுக்குத்தான். வாணி.'

நானே எறங்கி ஏத்திக்கறேன். பாத்தீங்களா? பாத்தீங்களா நியாயத்தை? கமாண்டர் எறங்கிக் குண்டு ஏத்துவாளாம், நாலாவது சீட்டு காலியா கெடக்குமாம், கட்டுன புருசன் பின் சீட்டுல குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கறான், அவனை உக்கார வெக்க மாட்டாளாம்!

அய்யோ, எந்திரிச்சு வர்றா. கம்பியைப் புடிச்சுட்டு வர்றா பாருங்க. நீங்க ஒண்ணும் சொல்லிராதீங்க. போனைப் பாத்துட்டு இருங்க.

என்ன வாணி? ... அப்படியா? எந்த ராசு? ஓ, அந்த லோடரா. வெளிநாடா? ... அட, போனாப் போறான் விடு. நேர்ல வர்றேன்னு சொல்லிட்டு இப்படிக் கடைசி நேரத்துல கழட்டி விடறவன் என்ன மனுசன்? ஊமக்கோட்டான். நான் அன்னைக்கே சொன்னேன்ல... சரி. சரி சரி. நான் ஒண்ணும் சொல்லல. போயி உக்காரு, பஸ்ஸு ஆடுது, விழுந்துருவ.

போயிட்டா. கேட்டீங்களா என்ன சொன்னான்னு? உங்க காதுல விழுந்துச்சா? "அவரைப் பத்தி ஒரு வார்த்தை பேசாதீங் மாமா, உங்களுக்கு அவரைத் தெரியாது" ன்னுட்டுப் போறா. எனக்கு ராசுவைத் தெரியாதாம். கண்ணெல்லாம் செவந்து கெடக்குது.

என்னங்க? சொல்லிரவா? நான்தான் ராசுன்னு இப்பவே போயி சொல்லிரவா? நல்லா சொன்னீங்க போங்க. நானும் ரோசனை பண்ணாம இல்ல, தெனமும் ராத்திரி படுத்தா அதேதான். சொன்னா அவ மொகம் எப்படி மாறும்னு எனக்குத் தெரியுமுங்க. திட்ட மாட்டா. ஒண்ணும் பேசாம எந்திரிச்சுப் போயிருவா. அப்பறம் அந்த ராசு வெளிநாட்டுலகூட இருக்க மாட்டான். அவளுக்கு மிச்சம் இருக்கறது நான் மட்டுந்தானுங்க.